வரியே இல்லாதவருக்கு ஏது வரிச் சலுகை?

இரண்டாம் ஆண்டு பி.எஸ்சி., கணிதம்

பிணிக்குப் பணக்காரர், ஏழை என்ற பேதம் தெரியாது. ஆனால் பிணியைத் தீர்க்க வரும் உதவிக்கு அந்தப் பேதம் நன்றாகவே தெரிந்திருக்கிறது.

மக்களின் மருத்துவச் சுமையைக் குறைக்க ஓர் அரசு விரும்பினால் அதற்கு இரண்டு வழிகள் உண்டு. ஒன்று, மருத்துவமனை வாசலிலேயே நின்று நேராக உதவுவது. மற்றொன்று, "உன் மருத்துவத்துக்காக நீயே பணம் ஒதுக்கிக்கொள், அந்தப் பணத்துக்கு நான் வரி கேட்கமாட்டேன்" என்று விலகி நிற்பது. முதலாவதை இலவசம் என்று சிலர் இளக்காரமாகப் பேசுகிறார்கள். இரண்டாவதைச் சலுகை என்று மரியாதையாகச் சொல்கிறார்கள். இரண்டும் ஒரே கஜானாவின் பணம்தான். இவ்விரண்டில் எது நியாயமான வழி என்பதை நாம் சற்றே சிந்திக்கக் கடமைப்பட்டிருக்கிறோம்.

இரண்டாவது வழியில் வெகுதூரம் சென்றுவிட்ட நாடு அமெரிக்கா. அந்நாட்டுக் கணக்கு வழக்கு நமக்கு எதற்கு என்று நண்பர்கள் கேட்கலாம். சென்னை, கோவை, திருச்சி போன்ற நகரங்களில் அமெரிக்க மருத்துவமனைகளுக்காகப் பில் போடும் கம்பெனிகள் பல இருக்கின்றன. நம்மைப் போன்ற பட்டதாரிகளைத்தான் அவை வேலைக்கு எடுக்கின்றன. அப்படி ஒரு கம்பெனியில் சேர்ந்திருக்கும், எனக்கு மூத்த மாணவர் ஒருவர், "தம்பி, அங்கே மருத்துவச் செலவுக்கென்றே வரியில்லாத கணக்குகள் வைத்திருக்கிறார்கள். நம் நாட்டிலும் அதுபோல் வந்தால் எவ்வளவு நன்றாக இருக்கும்!" என்றார். அண்ணனின் நல்லெண்ணத்தை நான் மதிக்கிறேன். அவருடைய முடிவை ஏற்க என்னால் இயலவில்லை. ஏன் என்று சொல்வதே இக்கட்டுரை.

மூன்று கணக்குகள்

அமெரிக்காவில் மருத்துவச் செலவுக்காக உள்ள வரிச் சலுகைக் கணக்குகளில் மூன்று முக்கியமானவை.

முதலாவது உடல்நலச் சேமிப்புக் கணக்கு, சுருக்கமாக எச்.எஸ்.ஏ. இது தனிமனிதருக்கே சொந்தம். வேலை மாறினாலும் கூடவே வரும். போடும் பணத்துக்கு வரியில்லை. அது வளர்ந்தால் வளர்ச்சிக்கு வரியில்லை. மருத்துவத்துக்காக எடுத்தால் அதற்கும் வரியில்லை. 2026ஆம் ஆண்டுக்குத் தனியாள் 4,400 டாலர் வரையிலும், குடும்பம் 8,750 டாலர் வரையிலும் போடலாம். ஆனால் எல்லோரும் இதைத் தொடங்கிவிட முடியாது. காப்பீட்டுக் கம்பெனி பணம் தரத் தொடங்குமுன் நோயாளி தன் கையிலிருந்து கட்டவேண்டிய முன்தொகை ஒன்று உண்டு. அம்முன்தொகை அதிகமாக உள்ள காப்பீட்டை எடுத்தவருக்கே பொதுவாக இக்கணக்கு உரியது. 2026இல் அது தனியாளுக்குக் குறைந்தது 1,700 டாலராகவும், குடும்பத்துக்குக் குறைந்தது 3,400 டாலராகவும் இருக்க வேண்டும். 2025இல் வந்த ஒரு சட்டம் வேறு சில மலிவுக் காப்பீடுகளையும் இதில் சேர்த்திருக்கிறது.

இரண்டாவது நெகிழ்வுச் செலவுக் கணக்கு, எஃப்.எஸ்.ஏ. இது வேலை கொடுப்பவர் மூலமாக நடப்பது. 2026இல் ஊழியர் தம் சம்பளத்திலிருந்து 3,400 டாலர் வரை வரியின்றி ஒதுக்கலாம். ஒதுக்குவதாக ஒப்புக்கொண்ட முழுத் தொகையையும் ஆண்டின் முதல் நாளிலிருந்தே மருத்துவத்துக்கு எடுத்துக்கொள்ளலாம் என்பது இதன் நன்மை. ஆண்டு முடிவதற்குள் செலவழிக்காவிட்டால் பணம் போய்விடும் என்பது இதன் தீமை. கம்பெனி சம்மதித்தால் ஒரு சிறு பகுதியை அடுத்த ஆண்டுக்குக் கொண்டுபோகலாம். அல்லது இரண்டரை மாதத் தவணை பெறலாம். இரண்டையும் சேர்த்துப் பெற முடியாது.

மூன்றாவது எச்.ஆர்.ஏ. நம் ஊரில் இந்த எழுத்துகளுக்கு வீட்டு வாடகைப்படி என்று பொருள். அங்கே இது முதலாளி மட்டுமே பணம் போட்டு, ஊழியரின் மருத்துவச் செலவை ஈடுகட்டும் ஏற்பாடு. ஊழியர் இதில் ஒரு டாலர்கூடப் போட முடியாது. வேலையை விட்டால் பெரும்பாலும் இதுவும் போய்விடும்.

சேர்ப்பதிலுள்ள சிக்கல்

ஒரு கணக்கால் இவ்வளவு நன்மை என்றால், இரண்டை, மூன்றைச் சேர்த்து வைத்துக்கொண்டால் என்ன? இங்கேதான் சிக்கல் தொடங்குகிறது.

பொதுவான எஃப்.எஸ்.ஏ. வைத்திருப்பவர் எச்.எஸ்.ஏ.வில் பணம் போட முடியாது. பல்லுக்கும் கண்ணுக்கும் மட்டும் பயன்படும் எஃப்.எஸ்.ஏ. ஒன்று உண்டு, அது இருந்தால் எச்.எஸ்.ஏ.வும் வைத்துக்கொள்ளலாம். கணவர் தம் அலுவலகத்தில் பொதுவான எஃப்.எஸ்.ஏ. எடுத்திருந்தால், வேறோர் அலுவலகத்தில் வேலை பார்க்கும் மனைவிக்கு எச்.எஸ்.ஏ.வில் பணம் போடும் தகுதி போய்விடும். அவருடைய கணக்கிலிருந்து இவர் ஒரு காசு எடுக்காவிட்டாலும், எடுக்கலாம் என்ற நிலை இருப்பதே தடை! முதலாளியின் எச்.ஆர்.ஏ.வும் அப்படியே. காப்பீட்டின் முன்தொகை கட்டித் தீர்ந்த பிறகே பணம் தருவதாகவோ, பல், கண் செலவுக்கு மட்டும் தருவதாகவோ இருந்தால்தான் எச்.எஸ்.ஏ.வுடன் ஒத்துப்போகும். ஒரே ரசீதை இரண்டு கணக்குகளில் காட்டிப் பணம் வாங்கக் கூடாது. அறுபத்தைந்து வயதில் மெடிகேர் என்ற அரசுக் காப்பீட்டில் சேர்ந்துவிட்டால், அதன்பின் எச்.எஸ்.ஏ.வில் பணம் போடக் கூடாது. அறுபத்தைந்துக்கு முன் மருத்துவமல்லாத செலவுக்கு அதிலிருந்து எடுத்தால், வரியும் கட்டி, அதற்கு மேல் நூற்றுக்கு இருபது அபராதமும் கட்ட வேண்டும்.

இவ்வளவையும் படித்துப் புரிந்துகொண்டு, எந்தக் கணக்கை எதனோடு சேர்த்தால் அதிக லாபம் என்று திட்டமிடுபவர் யார்? படித்தவர், ஓய்வு உள்ளவர், ஆலோசகருக்குக் கூலி கொடுக்கக் கூடியவர். காய்ச்சலோடு வேலைக்குப் போகும் தொழிலாளி அல்லர்.

எப்படி வந்தது இந்த ஏற்பாடு?

யாரோ ஒருவர் உட்கார்ந்து இதை இப்படித் திட்டமிடவில்லை. இரண்டாம் உலகப் போரின்போது, 1942இல், அமெரிக்க அரசு சம்பள உயர்வுக்குக் கட்டுப்பாடு விதித்தது. சம்பளத்தை உயர்த்த முடியாத முதலாளிகள், ஆட்களைத் தக்கவைத்துக்கொள்ள மருத்துவக் காப்பீட்டைக் கொடுத்தார்கள். அதற்கு வரியில்லை என்பதை 1954ஆம் ஆண்டின் வரிச் சட்டம் உறுதி செய்தது. மருத்துவம் வேலையோடும் வரியோடும் முடிச்சுப் போடப்பட்டது இவ்விதமே. அந்த முடிச்சின்மேல் 1978இல் எஃப்.எஸ்.ஏ.வுக்கு வழிவகுத்த சட்டமும், 2002இல் எச்.ஆர்.ஏ. பற்றிய விதியும், 2003இல் எச்.எஸ்.ஏ.வைத் தந்த சட்டமும் ஒன்றன்மேல் ஒன்றாக ஏறின. பழைய வீட்டில் தேவைக்கேற்பத் தாழ்வாரம் இறக்கிக்கொண்டே போனால், கடைசியில் வாசல் எது என்று வீட்டுக்காரருக்கே தெரியாமல் போகும் அல்லவா? அதுவே நேர்ந்தது.

ஒரு சிறு பெருக்கல்

நான் கணித மாணவன். எனக்குத் தெரிந்த மொழியில் சொல்கிறேன். வரிச் சலுகையால் ஒருவருக்குக் கிடைக்கும் நன்மை, இரண்டு எண்களின் பெருக்கல். ஒன்று, அவர் ஒதுக்கும் தொகை. மற்றொன்று, அவருடைய வருமான வரி விகிதம்.

அமெரிக்காவில் நூற்றுக்கு 24 என்ற வரிப்படியில் உள்ள குடும்பம் 8,750 டாலரை எச்.எஸ்.ஏ.வில் போட்டால் 2,100 டாலர் வருமான வரி மிச்சம். நூற்றுக்கு 12 என்ற படியில் உள்ள குடும்பம் அதே தொகையைப் போட்டால் 1,050 டாலர் மிச்சம். வருமானம் குறைந்து வருமான வரியே கட்ட வேண்டாத குடும்பத்துக்கு? சுழியம். சம்பளத்திலிருந்து நேராகப் பிடித்தம் செய்தால் நூற்றுக்கு 7.65 என்ற வேறொரு வரி மட்டும் அதற்கு மிச்சமாகலாம், அவ்வளவே.

இத்துடன் முடியவில்லை. நூற்றுக்கு 12 கட்டும் குடும்பத்தால் 8,750 டாலரை எடுத்து ஒதுக்கி வைக்க முடியுமா? வாடகை, சாப்பாடு, பிள்ளைகளின் படிப்பு போக ஆயிரம் டாலர் மிஞ்சினால் அதிகம். ஆயிரம் போட்டால் கிடைப்பது 120. ஆக, வசதியுள்ளவருக்குப் பெருக்கலின் இரண்டு எண்களும் பெரியவை. இல்லாதவருக்கு இரண்டும் சிறியவை. அல்லது ஒன்று சுழியம். சுழியத்தை எந்த எண்ணால் பெருக்கினாலும் சுழியமே என்பதைத் தொடக்கப் பள்ளியிலேயே நமக்குச் சொல்லிக் கொடுத்துவிட்டார்கள்.

இன்னொரு விந்தையையும் கேளுங்கள். எச்.எஸ்.ஏ. தொடங்கிய பின் ஏற்பட்ட மருத்துவச் செலவை உடனே எடுத்துக்கொள்ள வேண்டும் என்ற காலக்கெடு இல்லை. கையில் பணமுள்ளவர் பில்லைத் தம் பையிலிருந்து கட்டிவிட்டு, ரசீதைப் பத்திரப்படுத்தி, கணக்கிலுள்ள பணத்தைப் பங்குகளில் இருபது ஆண்டுகள் வளரவிட்டு, பிறகு வரியின்றி எடுத்துக்கொள்ளலாம். அதாவது, மருத்துவத்துக்கென்று ஏற்பட்ட கணக்கை மருத்துவத்துக்குத் தொடாமல் வைத்திருக்க முடிந்தவருக்கே அதில் உச்சமான லாபம்!

ஸ்டான்லி சரே என்ற சட்டப் பேராசிரியர் அமெரிக்க நிதித் துறையில் உயர் பொறுப்பில் இருந்தபோது, 1967இல் 'வரிவழிச் செலவு' என்ற கருத்தை முன்வைத்தார். வாங்க வேண்டிய வரியை வாங்காமல் விடுவதும் அரசு செய்யும் செலவே என்பது அதன் சாரம். நம் மத்திய பட்ஜெட்டோடும் வரிச் சலுகைகளால் குறையும் வருவாயைக் காட்டும் அறிக்கை ஒன்று வைக்கப்படுகிறது. அப்படியிருக்க, இலவச மாத்திரையைச் செலவு என்றும் வரிச் சலுகையைச் செலவில்லை என்றும் பேசுவது எப்படிப் பொருந்தும்?

மறுபக்கமும் உண்டு

அண்ணன் சொன்னதில் நியாயமே இல்லை என்று நான் வாதிடவில்லை. எச்.எஸ்.ஏ.வில் சேர்ந்த பணம் முதலாளி கைவிட்டாலும் கைவிடாது. சில முதலாளிகள் அதில் தாங்களும் பணம் போடுகிறார்கள். ஆண்டுதோறும் மருந்துச் செலவு இன்னதென்று தெரிந்த சர்க்கரை நோயாளிக்கு, எஃப்.எஸ்.ஏ. முதல் நாளிலேயே கிடைக்கும் வட்டியில்லாத முன்பணம் போல உதவுகிறது. வருமுன் சேர்த்து வைக்கும் பழக்கம் நல்ல பழக்கமே. சேமிக்க முடிந்தவருக்கு இவை நல்ல கருவிகள்தாம். சேமிக்க முடியாதவரின் மருத்துவத்துக்கும் இவையே விடை என்று சொல்லும்போதுதான் தவறு நேர்கிறது.

நம் நாட்டில்

நம்மிடமும் இந்த வழி இல்லாமலில்லை. 1961ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டத்தில் '80டி' என்று பெயர் பெற்ற கழிவு அதுவே. 2025ஆம் ஆண்டின் புதிய சட்டத்திலும் அது வேறோர் எண்ணோடு இடம்பெற்றிருக்கிறது. தமக்கும் மனைவி மக்களுக்கும் கட்டும் மருத்துவக் காப்பீட்டுப் பிரீமியத்துக்கு ரூ.25,000 வரை, பெற்றோருக்குக் கட்டுவதற்குத் தனியாக ரூ.25,000 வரை, பெற்றோர் அறுபது வயதைக் கடந்தவரானால் ரூ.50,000 வரை. பிரீமியத்தை ரொக்கமாகக் கட்டினால் செல்லாது. பழைய வரி முறையைத் தேர்ந்தெடுப்பவருக்கே இது கிடைக்கும்.

இரண்டையும் சேர்த்து ரூ.75,000 கழித்துக்கொள்பவர் நூற்றுக்கு 30 என்ற படியில் இருந்தால் ரூ.22,500 மிச்சம், நூற்றுக்கு 20 என்ற படியில் இருந்தால் ரூ.15,000 மிச்சம். என் தந்தையார் அரிசி ஆலையில் மூட்டை தூக்குகிறார். அவருக்கு வரியும் இல்லை. ரொக்கமல்லாத சம்பளமும் இல்லை. அவருக்கு இதனால் கிடைப்பது அதே சுழியம்.

தவிட்டுத் தூசியால் அவருக்கு இருமல் உண்டு. நாளை நான் வேலைக்குப் போய், வரி கட்டும் அளவுக்குச் சம்பளம் வாங்கி, அவருக்குக் காப்பீடு எடுத்தால், அந்த இருமலுக்காக அரசு எனக்குச் சலுகை தரும். இன்று தராது. இருமல் மாறவில்லை, இருமுகிறவரும் மாறவில்லை. மாறுவது என் சம்பளம் ஒன்றுதான். ஒரு மனிதரின் நோய்க்கு வரும் உதவி, அவர் மகனின் சம்பளப் பட்டியலைப் பார்த்துத்தான் வர வேண்டுமா?

ஆனால் நம் மாநிலம் நேர்வழியையும் அறிந்திருக்கிறது என்பது மகிழ்ச்சிக்குரியது. அரசு மருத்துவமனையிலும் ஆரம்ப சுகாதார நிலையத்திலும் மருத்துவம் பார்த்துக்கொள்ள எந்த வரிப்படிவமும் வேண்டாம். 2009இல் கலைஞர் காப்பீட்டுத் திட்டம் வந்தது. 2012இல் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் வந்தது. 2018இல் அது மத்திய அரசின் திட்டத்தோடு இணைந்தது. 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம், சர்க்கரைக்கும் இரத்தக் கொதிப்புக்குமான மாத்திரைகளை வீட்டு வாசலுக்கே கொண்டுவந்தது. இவை எவற்றிலும் பணக்காரருக்கு அதிகம், ஏழைக்குக் குறைவு என்ற பெருக்கல் கிடையாது.

இடையில் நிற்பவர்கள்

நம் ஏற்பாட்டிலும் ஓர் ஓட்டை இருக்கிறது. காப்பீட்டுத் திட்டம் 2022 ஜனவரியில் புதுப்பிக்கப்பட்டபோது, குடும்பத்தின் ஆண்டு வருமான வரம்பு ரூ.72,000 என்பதிலிருந்து ரூ.1,20,000 ஆக உயர்ந்தது. மாதத்துக்குப் பத்தாயிரம் என்று கணக்கு. மாதம் பதினையாயிரம் சம்பாதிக்கும் ஆட்டோ ஓட்டுநர் குடும்பத்தை எண்ணிப் பாருங்கள். அந்த வரம்பின்படி அட்டை பெற அவர் வருமானம் அதிகம். வரிச் சலுகை பெற அவர் வருமானம் குறைவு. ஆலைத் தொழிலாளிக்குப் பதிவேட்டில் பெயர் இருந்தால் இ.எஸ்.ஐ. உண்டு, சொந்த ஆட்டோ ஓட்டுகிறவருக்கு அதுவும் இல்லை. ஒரு கதவு அவரைப் பணக்காரர் என்று சொல்லித் திருப்பி அனுப்புகிறது. மறு கதவு ஏழை என்று சொல்லித் திருப்பி அனுப்புகிறது. அரசு மருத்துவமனை ஒன்றே அவருக்குத் திறந்திருக்கிறது. அங்கே அறுவைக்கு நாள் தள்ளிப்போனால் அவர் போவது வட்டிக் கடைக்கு.

அண்ணன் விரும்பும் வரியில்லாக் கணக்கு வந்தால் இந்த ஆட்டோக்காரருக்கு என்ன கிடைக்கும்? ஒன்றுமில்லை. அவ்வரம்பை உயர்த்தினால்? அவர் குடும்பத்துக்கு ஆண்டுக்கு ஐந்து லட்சம் ரூபாய் வரை சிகிச்சைக்குப் பாதுகாப்புக் கிடைக்கும். ஆகவே என் கருத்து இதுதான்: மருத்துவத்துக்கு அரசு செலவிட எண்ணும் அடுத்த ரூபாய், வரிக் கழிவாகப் போகாமல், இடையில் நிற்கும் இக்குடும்பங்களுக்கு அட்டையாகவும், அரசு மருத்துவமனைக்குப் படுக்கையாகவும் மருந்தாகவும் போக வேண்டும். வரி செலுத்துபவர்மேல் எனக்குக் கோபம் இல்லை. அவர்கள் வரியில்தான் நான் படிக்கிறேன். அவர்களும் இதே மருத்துவமனைக்கு வரலாம், வர வேண்டும். அவர்கள் வந்தால் அதன் கூரை ஒழுகாது.

நாம் செய்யத் தக்கது

கொள்கையை வகுக்கும் இடத்தில் நாம் இன்று இல்லை. எனினும் கை கட்டிக்கொண்டு இருக்க வேண்டியதில்லை. காப்பீட்டு அட்டைக்கு வருமானச் சான்றும் குடும்ப அட்டையும் வேண்டும். கிராம நிர்வாக அலுவலரிடம் சான்று வாங்கி, மாவட்ட ஆட்சியர் அலுவலகம் வரை போக வேண்டும். நம் ஊர்களில் பலர் இதை நலமாக இருக்கும்போது செய்வதில்லை. வீட்டில் ஒருவர் படுத்த பிறகுதான் இங்கும் அங்கும் அலைகிறார்கள். நம் நாட்டு நலப்பணித் திட்ட முகாமில் ஆண்டுதோறும் சாலையைச் செப்பனிடுகிறோம், மரக்கன்று நடுகிறோம். இவ்வாண்டு முகாமில் ஒரு நாளை இதற்கென ஒதுக்கலாகாதா? வீடு வீடாகச் சென்று யாருக்கு அட்டை உண்டு, யாருக்கு இல்லை, யாருடைய ஆலை இ.எஸ்.ஐ. பிடிக்கிறது, யார் இரண்டுக்கும் இடையில் நிற்கிறார்கள் என்று எழுதி வந்தால், அந்தப் பட்டியலே ஒரு மனுவாகும். பேராசிரியப் பெருமக்கள் வழிகாட்டினால் அதை ஆட்சியரிடம் நாமே கொடுக்கலாம்.

நம்மில் பலர் குடும்பத்தின் முதல் பட்டதாரிகள். படிவத்தை நிரப்பத் தெரிந்த முதல் கை நம்முடையது. நாளை அந்தக் கை அமெரிக்கக் குடும்பம் ஒன்றின் மூன்று கணக்குகளைப் பிசகாமல் கூட்டிக் கழித்துக் கொடுத்துச் சம்பளம் வாங்கும். வாங்கட்டும், உழைப்புக்குக் கூலி பெறுவதில் இழிவில்லை. அதற்கு முன், நம் தெருவிலுள்ள பத்து வீடுகளின் கணக்கையும் அது ஒருமுறை எழுதிப் பார்க்கட்டும். யார் பக்கத்தில் சுழியம் விழுகிறது என்பது அப்போது நமக்கே விளங்கும்.